தண்ணீர் வடியும் திசையில்

பிரிக்பீல்ட்ஸ்

1881இல் கோலாலம்பூரை முதலில் தீயும் பிறகு வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகாது, செங்கல்லில் கட்டுங்கள் என்று அடுத்து வந்த ஆங்கிலேய நிர்வாகம் உத்தரவு போட்டது. சீனர் தலைவர் யாப் ஆ லோய் காலத்தில் நகருக்குத் தெற்கே, கிள்ளான் ஆற்றை ஒட்டிச் சூளைகள் புகைந்த பேட்டைதான் பிரிக்பீல்ட்ஸ். சூளை போட்ட இடம் என்றாலே மண்ணறிந்தவனுக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். ஆறு கொண்டுவந்து படியவிட்ட களி, தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்துவைக்கும் களி. தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் இந்த மண்ணில் நாற்றுப் பாவியிருப்போம்.

ஒரு நிலத்துக்கு வாய்க்கால் பாசனம் ஒத்துவருமா வராதா என்று பார்த்துச் சொல்வது பல ஆண்டுகளாக என் வேலை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் என்று காவிரியின் கடைமடைப் பகுதிகளில் மண் துளைக்கும் கம்பியோடு அலைந்தவன். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கட்டடங்களுக்கு முன்னால் மேடு பள்ளம்தான் கண்ணில் படுகிறது. துன் சம்பந்தன் சாலையில் நின்றபோதும் அப்படித்தான். 2010இல் திறந்த லிட்டில் இந்தியா வளைவுகள், பூக்கடைகள், புடவைக்கடைகள், அந்தப் பக்கம் கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் கோபுரங்கள். இவ்வளவுக்கும் அடியில் அந்தக் களிமண் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த அரைமணி நேரத்துக்கெல்லாம் ஓரச்சாக்கடைகளில் தண்ணீர் மார்பளவு ஆழத்துக்கு ஓடுவதைப் பார்த்தேன். நம்மூரில் வாய்க்காலுக்குக்கூட இத்தனை ஆழம் வெட்டுவதில்லை.

என்னை அழைத்துப்போக வந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருடைய தாத்தா ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறியவர். பார்த்ததும் முதல் கேள்வி, “பசியாறியாச்சா?” ஆகவில்லை என்றதும் ஒட்டுக்கடையில் உட்கார வைத்து, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய இடியாப்பம் வாங்கிக் கொடுத்தார். “சாப்பிடுங்க ஐயா, செகிஞ்சான் நெல்வயலுக்குப் போய்ச் சேர நேரமாகும். வழியில நீங்க நூறு இடத்துல காடிய நிறுத்தச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்.”

மஸ்ஜித் ஜாமேக்

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் முனையில் 1909இல் கட்டி முடித்த மஸ்ஜித் ஜாமேக் நிற்கிறது. 1857இல் ஈயம் தேடி வந்தவர்கள் படகு இறங்கியது இந்த முனையில்தான். இன்று இரு கரையும் கான்கிரீட், ஆறு ஒடுங்கி ஓடுகிறது.

கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர். அதன் வடிநிலம் 1,288 சதுர கிலோமீட்டர். மழை ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரி ஆயிரத்தை எட்டாது. இவ்வளவு மழை வாங்கும் வடிநிலத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு நெல்வயல் இல்லை என்பதை நம்மூர் விவசாயியிடம் சொன்னால் நம்பமாட்டார். நானும் காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக விரும்பினேன்.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1976இல் நிலத்தை மதிப்பிட ஒரு சட்டகம் வகுத்தது. 1985இல் பாசன நிலங்களுக்கென்று தனிக் கையேடும் வந்தது. நன்றாகப் பொருந்துவது எஸ்1, ஓரளவு எஸ்2, சிரமப்பட்டுப் பொருந்துவது எஸ்3. இப்போதைக்கு ஆகாதது என்1, என்றைக்குமே ஆகாதது என்2. சரிவு, மண்ணின் நயம், ஆழம், வடிகால், உப்பு, ஆற்றிலிருந்து தூரம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்து, எது மிக மோசமோ அதை வைத்து நிலத்தின் தரத்தைச் சொல்வது வழக்கம். ஐந்தில் மதிப்பெண் அள்ளினாலும் ஆறாவதில் தவறினால் அந்த நிலம் தவறியதுதான்.

இந்த வடிநிலத்தின் மேல்பகுதி தித்திவாங்சா மலைத்தொடரின் செங்குத்துச் சரிவு. வாய்க்கால் பாசனத்துக்கு நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் இறங்காத நிலம் நல்லது, எட்டைத் தாண்டினால் விட்டுவிட வேண்டியதுதான். நடுப்பகுதியில் சரிவு சரியாக இருக்கிறது. ஆனால் ஈயத்துக்காகத் தோண்டிக் கழுவிக் கொட்டிய மணல் அங்கே பரந்து கிடக்கிறது. களி தனியே போய்விட்டது, வெறும் மணல் மிச்சம். அதில் விட்ட தண்ணீர் வேர் குடிக்கும் முன் இறங்கிவிடும். அந்தக் குழிகளில் சில ஏரிகளாகி, சுற்றிலும் பூங்காக்களும் குடியிருப்புகளும் வந்துவிட்டன. பாக்கி நிலத்தை நகரம் எடுத்துக்கொண்டது.

ஆகவே இந்த ஆற்றின் மேல் கட்டியவையெல்லாம் வேறு தேவைக்கு. 1958இல் கட்டிய கிள்ளான் கேட்ஸ் அணை குடிநீருக்கு. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம், வெள்ளத்தை நகருக்கு அடியில் திருப்பிவிட. மழை குறைந்த நாட்களில் அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுகின்றன. தண்ணீரை எப்படிக் கொண்டுவருவது என்று நாம் ஆயிரம் ஆண்டுகளாக யோசித்திருக்கிறோம். இங்கே எப்படி அனுப்புவது என்று யோசித்திருக்கிறார்கள். இந்த வேறுபாடு பயணம் முழுக்க என்னோடு வந்தது.

கிள்ளான்

அரச நகரமான கிள்ளானில் தெங்கு கிளானா சாலை முழுக்கத் தமிழ். முறுக்கு, மல்லிகை, வாழை இலைச் சாப்பாடு, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு. சாப்பாட்டுக் கடையில் நண்டு ரசமும் பாகற்காய் வறுவலும் பரிமாறிய அம்மா, “ஊர்ல மழை பேஞ்சுதா?” என்று கேட்டார். அவர் கேட்ட ஊரை அவர் பார்த்ததே இல்லை.

2021 டிசம்பரில் இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கி, மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தார்கள். ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது. அந்த நேரம் கடலும் ஏற்றத்தில் இருந்தால் ஆற்றுத் தண்ணீர் போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் வடிகால் நீர்ப்பாசனத் துறையில் மதகுக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர். அவருடைய அப்பாவும் அதே துறையில் மண்வெட்டி பிடித்தவர். துறைமுகத்துக்கு வடக்கே கரையோரக் கட்டு ஒன்றின் மேல் எங்களை நடத்திக்கொண்டு போனார். ஒரு பக்கம் அலையாத்திக் காடும் சேறும். மறுபக்கம், கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே, செம்பனைத் தோட்டம். நடுவே வடிகாலின் வாயில் ஒரு மதகு, அதன் கடல்பக்கத்தில் மேலே கீல் வைத்துத் தொங்கும் கனத்த பலகைக் கதவு.

“பாருங்க, இதுக்கு மோட்டாரும் வேண்டாம், ஆளும் வேண்டாம்,” என்றார். கடல் ஏறும்போது அதன் பாரமே கதவை அழுத்தி மூடிவிடுகிறது. இறங்கும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை. நாங்கள் நின்ற நேரம் கடல் வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் கதவின் அடிவிளிம்பில் ஒரு விரல் கீற்று, தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. பிறகு கை நுழையும் இடைவெளி. கொஞ்ச நேரத்தில் கதவு முழுதாகத் தூக்கிக்கொண்டு, உள்ளிருந்து குப்பையும் தென்னை மட்டையும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் வேகமாக வெளியே ஓடின. “மட்டை குறுக்க மாட்டிக்கிட்டா கதவு முழுசா மூடாது. உப்பு உள்ள வந்துரும். ராத்திரியில டார்ச் அடிச்சிக்கிட்டு வந்து அதை எடுத்து விடுறதுதான் எங்க வேல.”

கிள்ளான் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நாகப்பட்டினத்தில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட இல்லை. கட்டின் மேல் நின்று இதை யோசித்தபோதுதான் எங்கள் கடைமடையின் கஷ்டம் எனக்கு முழு அளவில் தெரிந்தது. வேதாரண்யத்திலும் தலைஞாயிற்றிலும் கடல் இறங்குவது மிகக் கொஞ்சம். வடிகாலில் நிற்கும் தண்ணீருக்குத் தள்ளும் பலமே கிடைப்பதில்லை. இங்கே ஆறு மணி நேரத்தில் வடிவது எங்களூரில் வாரக்கணக்கில் பயிரின் மேல் நிற்கிறது. வெண்ணாறு வடிநிலத்தில் அடப்பாறு, அரிச்சந்திரா, வெள்ளையாறு ஆகியவற்றின் கடைமுனைகளைச் சீர்செய்ய ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் வேலை நடந்தது. அந்த வேலையின் கடினம் என்ன என்பதைக் கட்டுப்பாட்டுக் கதவுகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கடல் வித்தியாசம் நன்றாகச் சொல்லிவிடும்.

காப்பார், கோல சிலாங்கூர்

கிள்ளானிலிருந்து வடக்கே போகும் சாலையின் இரு பக்கமும் செம்பனை. இந்தச் சாலை போகும் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமாரம் தோட்டத்தில்தான் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். ரப்பரும் செம்பனையும் நம் சனங்களின் முதுகில் வளர்ந்தவை என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மரம் மட்டும் நடவில்லை. முதலில் வடிகால் வெட்டினார்கள். சதுப்பை வடித்த பிறகுதான் கன்று. பெரியவர் சொன்னார்: “எங்க தாத்தா பால் வெட்டுனதப் பத்திப் பேசமாட்டாரு. அட்டை கடிக்கக் கடிக்க இடுப்பளவு சேத்துல நின்னு பாரிட் (வடிகால்) வெட்டுனதத்தான் பேசுவாரு.”

காப்பாரைத் தாண்டி ஒரு தோட்டத்து வடிகாலருகில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். புதிதாகத் தூர் வாரிக் கரையில் போட்ட மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே வைக்கோல் மஞ்சளில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினேன். முறியாமல் நாடாவாக நீண்டது. நல்ல களி. நீரைப் பிடித்து வைக்கும், சரிவே இல்லை, ஆறும் பக்கம். அட்டவணையில் எஸ்1 போடலாம் என்று தோன்றும். அந்த மஞ்சள் புள்ளிதான் தடுக்கிறது.

கடல் விட்டுப்போன களியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது யாருக்கும் தொல்லை தராது. வடிகாலை ஆழமாக வெட்டிக் காற்றைப் படவிட்டால் கந்தக அமிலமாக மாறி, மண்ணின் கார அமில எண்ணை (pH) 3.5க்கும் கீழே இழுத்துவிடும். அலுமினியம் கரைந்து வேரைச் சுடும். மஞ்சள் புள்ளி அது நடந்துவிட்டதன் சாட்சி. அதனால் இங்கே தோட்டக்காரர்கள் வடிகாலில் பலகை செருகி, தண்ணீரை அந்தப் பைரைட் அடுக்குக்கு மேலேயே நிறுத்துகிறார்கள். அதிகம் வடித்தால் அமிலம், குறைவாக வடித்தால் வேர் அழுகல். ஒரு முழ உயரத்துக்குள் அந்த மரத்தின் வாழ்வு முழுவதும் நடக்கிறது.

நெல்லுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. வயலில் தண்ணீர் கட்டி நிற்பதால் பைரைட் மூடியே கிடக்கும். நல்ல தண்ணீர் தொடர்ந்து வரவேண்டும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் முகத்துவாரத்தில் கிடைக்காது என்பதைக் கோல சிலாங்கூரில் ஆற்றைக் கடக்கும்போது பார்த்துவிட்டேன். சிலாங்கூர் ஆற்றின் இந்தக் கீழ்ப்பகுதி உவர் ஏறும் இடம், மின்மினிப் பூச்சிகள் அடையும் பெரம்பாங் மரங்கள் கரையோரம் நிற்கின்றன. உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் இருக்கும் தண்ணீர் பாசனத்துக்குத் தடையற்றது, 3ஐத் தாண்டினால் கடும் கட்டுப்பாடு. முகத்துவாரத் தண்ணீர் இந்தக் கணக்குக்கே வராது. வயல் கடலோரம் இருந்தாலும் மதகு கடலுப்பு எட்டாத மேல்முனையில் இருக்க வேண்டும்.

தஞ்சோங் காராங்

சாலை வடக்கே திரும்பிக் கொஞ்ச தூரத்தில் செம்பனை சட்டென்று நின்றது. பிறகு வானம். கண்ணுக்கு எட்டும் தூரம்வரை பச்சை. எனக்கு மன்னார்குடிச் சாலையில் போவதுபோலவே இருந்தது.

இந்த நெற்பாசனத் திட்டம் உருவான கதை நெருக்கடியிலிருந்து தொடங்குகிறது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்கள் ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பின. சோற்றுக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த மலாயா அரசு 1930இல் நெற்பயிர்க் குழு ஒன்றை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை பிறந்தது. அதற்கு முன்பே 1906இல் பேராக்கின் கிரியான் பகுதியில் புக்கிட் மேரா ஏரியைக் கட்டிப் பாசனம் செய்த அனுபவம் இருந்தது. இங்கே 1930களில் சதுப்பை வெட்டி வயலாக்கினார்கள். அதே பத்தாண்டில்தான், 1934இல், நமக்கு மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குக் காரணம் உண்டு. கல்லணைக் கால்வாய் போன பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்கள் பெரும்பாலும் செம்மண்ணும் மணலும். தண்ணீர் வந்தது, மண் அதைப் பிடித்து வைக்கவில்லை. நீரை முதலில் வைத்து நிலத்தை அதற்குப் பொருத்தினோம். இங்கே நிலம் களி, சரிவு மிகக் குறைவு, கடற்கரையை ஒட்டி நாற்பது கிலோமீட்டர் நீளமும் ஐந்து கிலோமீட்டர் அகலமுமான பட்டை. அதற்குள் 18,000 ஹெக்டேருக்கு மேல் வயல். குறை தண்ணீரில்தான் இருந்தது. அருகில் ஓடும் தெங்கி ஆறு சிறியது. சிலாங்கூரையும் பேராக்கையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றை, உப்பு ஏறாத மேல்முனையில் மறித்து, 14.5 கிலோமீட்டர் ஊட்டுக் கால்வாய் வெட்டித் தெங்கிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து பெருவாய்க்கால் வயற்பட்டையின் நெடுகிலும் போகிறது.

நீரைத் தேக்கிவைக்கும் அணை கிடையாது. ஆற்றில் ஓடுவதைத்தான் எடுக்க வேண்டும். மழை குறைந்த நாட்களுக்குக் கைகொடுப்பது கிழக்கே இருக்கும் கரிச்சதுப்புக் காடு. ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கு மேல். மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. 1990இல் காப்புக்காடாக அறிவிக்கும் முன் மரம் இழுக்க அதற்குள் வெட்டிய வாய்க்கால்கள் இன்னமும் அதை வடித்துக்கொண்டிருக்கின்றன. வடிந்த கரிமண் எரிகிறது, அமுங்குகிறது. அந்த வாய்க்கால்களை அடைக்கும் வேலையை நெல் விவசாயத்தின் வேலையாகவே நான் பார்க்கிறேன்.

வயலில் சந்தித்த மலாய் விவசாயியின் முன்னோர் ஜாவாவிலிருந்து வந்தவர்கள். பெரியவர் மொழிபெயர்த்தார். துண்டு ஒவ்வொன்றும் 1.2 ஹெக்டேர், நம் கணக்கில் மூன்று ஏக்கர். அதன் ஒரு தலையில் கிளைவாய்க்கால், மறுதலையில் வடிகால். ஒரு வயல் தண்ணீர் அடுத்த வயல் வழியாகப் போக வேண்டியதில்லை. நம் டெல்டாவில் வயலுக்கு வயல் பாயும் பழக்கத்தில் எத்தனை அண்ணன் தம்பிகள் வரப்பில் நின்று அடித்துக்கொண்டிருக்கிறார்கள்! அவர் மதகுத் திருகைச் சுற்றிக் காட்டினார். உள்ளே அளவுக் கம்பம், அதில் பாசி படிந்த கோடு. விதைத்த பிறகு ஒரு விரல்கடைத் தண்ணீர்கூட நிற்கக்கூடாது, முளை வந்தபின் ஏற்றவேண்டும். நடவு இல்லை, நேரடி விதைப்பு. அதற்கு வடிகால் கச்சிதமாக இருந்தே ஆகவேண்டும்.

அவர் வீட்டில் மதியச் சோறு. வயல் வாய்க்காலில் பிடித்த விராலை மஞ்சளும் மிளகாயும் போட்டுத் தேங்காய்ப்பாலில் கொதிக்க வைத்திருந்தார்கள். கூடவே பச்சையாகக் கீரைக் கொழுந்துகள், சம்பல். விரால் எங்களூரிலும் வயல் மீன்தான் என்றதும் அவருடைய மனைவி இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார்.

செகிஞ்சான்

செகிஞ்சானில் விவசாயிகள் பெரும்பாலும் சீனர்கள். நல்ல வயலில் ஹெக்டேருக்குப் பத்து டன்வரை எடுக்கிறார்கள். மலேசியச் சராசரி நான்கு டன்னை ஒட்டியே இருக்கிறது. மண் அதே மண், வாய்க்காலும் அதே வாய்க்கால். நிலத்தை மட்டம் பிடிப்பதில் இவர்கள் காட்டும் கவனம்தான் முதல் வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. ஒரு வயலில் சேறடித்த பின் மேட்டுத்திட்டு ஒன்றுகூடத் தலைநீட்டவில்லை. மேடு இருந்தால் களை, பள்ளம் இருந்தால் விதை அழுகும். வரப்போரக் கம்பங்களில் ஆந்தைகளுக்குக் கூண்டு வைத்திருக்கிறார்கள், எலிக்கு.

வடக்கு நுனியான பாகான் தெராப் வரைக்கும் போக நான் வற்புறுத்தினேன். கடைமடைக்காரனுக்குக் கடைமடையைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. அங்கே பெர்ணம் ஆற்றிலிருந்து நேரடியாகத் தண்ணீர் இறைக்கும் நீரேற்று நிலையம் இருக்கிறது. பெருவாய்க்காலின் நுனிக்குத் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அந்த ஏற்பாடு. ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு மாதம் தண்ணீர் திறக்கிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் சேறடித்தால் ஆறு தாங்காது.

வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த வயசான விவசாயி, உங்கள் ஊரில் எப்போது திறப்பார்கள் என்று கேட்டார். மேட்டூரில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12, கடைமடைக்கு வரப் பிறகு எத்தனையோ நாள் என்றேன். இல்லாத வருஷத்தில்? மழையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் தலையாட்டினார். இந்த வயலுக்குத் தண்ணீர் போதுமா என்று நான் கேட்டதற்கு, பயிர் நிற்கும்போது கேட்டால் எல்லாரும் போதும் என்றுதான் சொல்வார்கள் என்று பதில் வந்தது. காய்ந்த நிலத்தை முதன்முதலில் நனைத்துச் சேறாக்கும் அந்த வாரங்களில்தான் அதிகத் தண்ணீர் வேண்டும், அப்போதுதான் ஆறும் இளைத்திருக்கும்.

“அடுத்த போகத்துக்குச் சேறடிக்கும்போது வரச் சொல்றாரு,” என்றார் பெரியவர். “அப்ப வந்து அளந்து பார்த்துட்டு, போதுமா போதாதான்னு நீங்களே சொல்லுங்கங்கறாரு.” தேதி எப்படித் தெரியும் என்று கேட்டேன். துறை ஒட்டும் அறிவிப்பைப் பார்த்துத் தன் பேரன் தகவல் அனுப்புவான் என்று கிழவர் பெரியவரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.